இத்தாலி மலைச்சரிவில் ஆப்பிரிக்கக் கடல் நத்தை: கடல் எவ்வளவு உயரும், எப்போது உயரும்?

ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் பால்மா விமான நிலையத்துக்கு மிக அருகில் எஸ் கார்னாட்ஜ் என்று ஒரு கடற்கரைத் துண்டு இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் பக்கத்தில் உள்ள மணல் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். இங்கே இருப்பது இறுகிக் கல்லாகிப்போன பழைய மணல். கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே இருக்கும் அந்த மணலுக்குள் உள்ளங்கை அளவுக்குத் தடித்த சங்குகள் பதிந்திருக்கின்றன.

சங்கு இருப்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கடற்கரைதானே? ஆனால் இந்த நத்தை இனம் இன்று மத்தியதரைக் கடலில் எங்குமே உயிரோடு கிடையாது. இதை உயிரோடு பார்க்கணும்னா மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகணும். செனகல், கேப் வெர்டே தீவுகள், தெற்கே அங்கோலா வரைக்கும் உள்ள வெதுவெதுப்பான, ஆழம் குறைந்த கடல்தான் இதன் வீடு.

அப்போ, ஆப்பிரிக்க நத்தை ஸ்பெயினுக்கு எப்படி வந்தது? கடலில் வாழ்ந்தது கடலுக்கு மேலே எப்படிப் போனது? இரண்டு கேள்விகளுக்கும் பதில் சுமார் 1,25,000 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு வெப்பகாலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தைப் பற்றி இப்போது பேசக் காரணம், 2024. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி அந்த ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம். நத்தை மத்தியதரைக் கடலில் வாழ்ந்த காலத்திலும் பூமி ஏறக்குறைய அவ்வளவு சூடாகத்தான் இருந்தது. 0.5 முதல் 1.5 டிகிரி அதிகம் என்கிறது ஐபிசிசி, அதாவது ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு. கடல் மட்டம் அப்போது இன்றைவிட 5 முதல் 10 மீட்டர் உயரத்தில் இருந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

10 மீட்டர் என்றால் மூன்று மாடி. இந்த எண் சமூக வலைதளங்களில் சுற்ற ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அதனால், இது எங்கிருந்து வந்தது, இதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெயர் மாறிக்கொண்டே இருக்கும் நத்தை

முதலில் ஆளை அறிமுகம் செய்துகொள்வோம். பழைய ஆய்வுகளில் இதன் பெயர் ஸ்ட்ராம்பஸ் புபோனியஸ். பிறகு பெர்சிஸ்டிஸ்ட்ராம்பஸ் லேட்டஸ் ஆனது. சமீபத்தில் தெட்டிஸ்ட்ராம்பஸ் லேட்டஸ் என்றும் எழுதுகிறார்கள். தரவுகளை ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கிற வேலையில் இருப்பவர்களுக்கு இது என்ன தலைவலி என்று புரியும்: நூறு ஆண்டு ஆய்வுகளில் ஒரே நத்தை மூன்று பெயரில் இருக்கும். மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் ஐவிரல் சங்கைப் பார்த்திருந்தால், இதுவும் அதே குடும்பம்தான். விரல்கள் மட்டும் இருக்காது.

இத்தாலியப் புவியியலாளர் ஆர்துரோ இஸ்ஸெல் 1914-இல் சார்டினியா தீவின் கால்யாரி நகருக்கு அருகே, கலா மோஸ்கா என்ற இடத்தில் இருந்த மணல் படிவங்களைக் கொண்டு ஒரு காலகட்டத்துக்கே பெயர் வைத்தார்: திர்ரேனியன். அந்தக் காலகட்டத்தின் அடையாள அட்டை இந்த நத்தை. மத்தியதரைக் கடலைச் சுற்றி எந்தப் பழைய கடற்கரை மணலிலாவது இந்த நத்தை கிடைத்தால், பெரும்பாலும் அது கடைசி இடைப்பனிக்காலத்து மணல். இடைப்பனிக்காலம் என்பது இரண்டு பனியுகங்களுக்கு நடுவில் வரும் வெப்பமான இடைவெளி. நாம் இப்போது வாழ்வதும் அப்படி ஓர் இடைவெளியில்தான். இதற்கு முந்தையது சுமார் 1,29,000 முதல் 1,16,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை இருந்தது.

ஸ்பெயின், சார்டினியா, தெற்கு இத்தாலியின் தாரந்தோ, துனிசியா என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக்கொண்டே போகலாம். நத்தையோடு சேர்ந்து வேறு சில மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பிகளும் நத்தைகளும் அதே அடுக்குகளில் கிடைக்கின்றன. ஒரு கூட்டமே கிளம்பி வந்திருக்கிறது என்று அர்த்தம்.

இன்று அவற்றைத் தடுத்து நிறுத்துவது என்ன? ஜிப்ரால்டர் நீரிணை திறந்தேதான் இருக்கிறது. ஆனால் வடமேற்கு ஆப்பிரிக்காவை ஒட்டி, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்பிக்கொண்டே இருக்கிறது. வெப்பக் கடல் நத்தையின் குஞ்சுகளுக்கு அது தாண்ட முடியாத வேலி. 1,25,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்த வேலி பலவீனமாகியிருக்கிறது. மத்தியதரைக் கடலும் அவை குடியேறும் அளவுக்குச் சூடாக இருந்திருக்கிறது.

2024-இல் அமெரிக்க தேசிய அறிவியல் அகாடமியின் ஆய்விதழில் வந்த ஓர் ஆய்வு இந்தப் புதைபடிவப் பதிவையே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. இன்று இந்த இனங்கள் எங்கே வாழ்கின்றன, அன்று எங்கே வாழ்ந்தன என்ற இரண்டு தரவுகளையும் சேர்த்து, எதிர்காலத்தில் எங்கே வாழ முடியும் என்று கணித்தது. உமிழ்வு நடுத்தர அளவில் தொடர்ந்தாலே 2050-க்குள் அந்தக் குளிர்நீர் வேலி திறக்கக்கூடும். உமிழ்வு மிக மோசமாகத் தொடர்ந்தால் 2100-க்குள் மத்தியதரைக் கடல் முழுமையாக வெப்பமண்டலக் கடலாகிவிடும் என்பது அதன் முடிவு.

கிழக்குப் பக்கக் கதவு ஏற்கெனவே திறந்தாச்சு. சூயஸ் கால்வாய் வழியாக நம் பக்கத்துக் கடல் உயிரினங்கள் உள்ளே போய்க்கொண்டே இருக்கின்றன. பாரசீக வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த, இதே குடும்பத்து நத்தை ஒன்று 1970-களின் இறுதியில் துருக்கி கடற்கரையில் தென்பட்டது. இன்று கிழக்கு மத்தியதரைக் கடலில் அது சாதாரணம். உள்ளூர் இனங்களின் நிலைமைதான் மோசம். இஸ்ரேல் கடற்கரையோரம் ஆழம் குறைந்த மணற்பகுதியில், முன்பு பதிவான உள்ளூர் மெல்லுடலி இனங்களில் 12 சதவீதம்தான் இப்போது கிடைக்கின்றன. பாறைப்பகுதியில் 5 சதவீதம். இது 2021-இல் வந்த ஆய்வு.

ஆக, நத்தை சொல்லும் முதல் சேதி வெப்பம். இது ஓரளவு நேரடியானது. இரண்டாவது சேதி உயரம். சிக்கல் அங்கேதான்.

ஒரே நத்தை, நூறு மீட்டர் வித்தியாசம்

மயோர்க்காவில் இந்த நத்தை கடலுக்குச் சில மீட்டர் மேலே இருக்கிறது. சார்டினியாவிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் இத்தாலியின் தெற்கு முனையில், சிசிலிக்கு எதிரே உள்ள ரெஜ்ஜோ கலாப்ரியா நகருக்கு மேலே, மலைச்சரிவில் இதே நத்தை, இதே காலத்து மணல், கடல் மட்டத்துக்கு 100 மீட்டருக்கும் மேலே கிடைக்கிறது.

தரவுத் தாளில் இப்படி ஒரு வரி வந்தால் நம் கை முதலில் நீக்கு பொத்தானுக்குத்தான் போகும். மற்றதெல்லாம் ஒற்றை இலக்கத்தில் இருக்கும்போது ஒன்று மட்டும் 100 என்றால் யாரோ தப்பாக டைப் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும். ஆனால் அந்த எண் சரி. தவறு, கடல் மட்டும்தான் ஏறி இறங்கும், நிலம் அப்படியே நிற்கும் என்று நாம் நினைத்துக்கொண்டதில். மெஸ்ஸினா நீரிணை ஐரோப்பாவின் மிக ஆபத்தான நிலநடுக்கப் பகுதிகளில் ஒன்று. 1908 நிலநடுக்கத்தில் மெஸ்ஸினாவும் ரெஜ்ஜோவும் தரைமட்டமாகின. அங்கே நிலம் தொடர்ந்து மேலே தள்ளப்படுகிறது. கணக்கு போட்டுப் பாருங்க: 1,25,000 ஆண்டுகளில் 100 மீட்டர் என்றால் ஆண்டுக்கு 0.8 மில்லிமீட்டர். ஒரு மனித ஆயுளில் கண்ணுக்கே தெரியாது. நத்தைக்கு லிஃப்ட் கிடைத்த கதை இது.

துனிசியாவின் மொனாஸ்தீர் நகரில் இன்னொரு கூத்து. அங்கே இருந்த பழைய கடற்கரையின் உயரத்தை வைத்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘மொனாஸ்தீரியன்’ என்று தனியாக ஒரு கடல் மட்டக் கட்டமே உருவாக்கினார்கள். சுமார் 20 மீட்டர் உயரத்தில் உலகக் கடல் இருந்தது என்பது அப்போதைய முடிவு. பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்த இடமும் நில அசைவால் தூக்கப்பட்டது என்பது புரிந்தது. ஓர் ஊரின் எண்ணை உலகத்துக்கே பொதுவாக்கினால் இப்படித்தான் ஆகும்.

எனவே புவியியலாளர்கள் முதலில் தேடுவது அசையாத நிலத்தை. மயோர்க்காவும் சார்டினியாவும் முக்கியமாவது அதனால்தான். அங்கே மலை வளரும் வேகம் மிகக் குறைவு. நத்தையின் உயரத்தைக் கிட்டத்தட்ட கடலின் உயரமாகப் படிக்கலாம்.

‘கிட்டத்தட்ட’ என்று சொல்லக் காரணம் இருக்கிறது. நத்தை கடலின் மேற்பரப்பில் மிதந்துகொண்டு வாழவில்லை. சில மீட்டர் ஆழத்தில் மணலில் ஊர்ந்தது. எனவே ஒரு நத்தை ஓடு தனியாகச் சொல்வது இவ்வளவுதான்: “கடல் குறைந்தது இந்த உயரத்துக்கு மேலே இருந்தது.” அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. புயலில் தூக்கி எறியப்பட்ட ஓடாக இருந்தால் அதுகூடப் பொருந்தாது. அதனால் ஓட்டோடு சேர்த்துச் சுற்றியுள்ள மணலையும் படிக்கிறார்கள். அலை வந்து திரும்பும் சரிவில் படிந்த மணலுக்கு ஒரு தனிச் சாய்வு உண்டு. பக்கத்தில் உள்ள சிப்பிகளின் இரண்டு மூடிகளும் பிரியாமல் இருந்தால், அவை இறந்த இடத்திலேயே புதைந்தன என்று பொருள். பாறையில் அலை அரித்த பள்ளம் இருந்தால் இன்னும் நல்லது. கடல் நின்ற கோடே அதுதான்.

இப்படிச் சேர்த்த பதிவுகளை உலகம் முழுவதிலுமிருந்து ஒரே வடிவத்தில் தொகுத்து, யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று திறந்துவைத்திருக்கிறார்கள். ‘வாலிஸ்’ என்ற அந்தத் தரவுத்தளத்தின் முதல் பதிப்பில் 4,500-க்கும் மேற்பட்ட கடல் மட்டச் சான்றுகள் உள்ளன. நத்தை, பவளம், அலைப்பள்ளம் எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் உயரம், பிழை அளவு, வயது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதெல்லாம் தனித்தனிக் கட்டங்களில். நான் பார்த்த அறிவியல் தரவுத்தளங்களில் இவ்வளவு ஒழுங்கானவை குறைவு. வார இறுதியில் நேரமிருந்தால் திறந்து பாருங்க.

சரி, கடைசியில் எத்தனை மீட்டர்?

இங்கே விஞ்ஞானிகளுக்குள்ளேயே நிஜமான விவாதம் நடக்கிறது. 2009-இல் வந்த ஒரு பெரிய புள்ளியியல் ஆய்வு, கடல் மட்டம் குறைந்தது 6.6 மீட்டர் உயர்ந்திருக்க 95 சதவீதம் வாய்ப்பு என்றது. பல ஆண்டுகள் ‘6 முதல் 9 மீட்டர்’ என்பதே பொதுவாகச் சொல்லப்பட்ட எண். 2021-இல் பஹாமாஸ் தீவுகளின் தரவை வைத்து வந்த ஆய்வு அதை நன்றாகக் குறைத்தது: குறைந்தது 1.2 மீட்டர், 5.3 மீட்டரைத் தாண்டியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? பனிப்படலம் என்பது வெறும் உறைந்த தண்ணீர் இல்லை. அதன் எடை கீழே இருக்கும் நிலத்தை அழுத்துகிறது. சுற்றியுள்ள நிலத்தைப் பிதுக்குகிறது. பனி உருகிய பிறகும் அந்த அழுத்தம் சரியாக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். மெத்தையில் இருந்து எழுந்த பிறகும் பள்ளம் கொஞ்ச நேரம் இருக்கும் இல்லையா, அதுபோல. பஹாமாஸ் வட அமெரிக்காவின் பழைய பனிப்படலத்துக்கு ஓரளவு அருகில் இருப்பதால், இந்தத் திருத்தத்தை எப்படிப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இன்னொரு பெரிய ‘ஆனால்’ உண்டு. அன்றைய வெப்பத்துக்குக் காரணம் கார்பன் டை ஆக்சைடு கிடையாது. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சிலும் ஏற்பட்ட மாற்றத்தால் வட துருவப் பக்கம் கோடை வெயில் கூடியது. காற்றில் கார்பன் டை ஆக்சைடு அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 280 பங்கு. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. எனவே அன்று நடந்தது அப்படியே திரும்ப நடக்கும் என்று சொல்ல முடியாது. பழைய மணல் சொல்வது, இவ்வளவு வெப்பத்தை நீண்ட காலம் தாங்கும் அளவுக்குப் பனிப்படலங்கள் உறுதியானவை இல்லை என்பதை. குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் அது மாறாது.

நீண்ட காலம் என்றால் எவ்வளவு? இதுதான் நத்தையால் பதில் சொல்ல முடியாத கேள்வி. 6 மீட்டர் உயர்வு 1,000 ஆண்டுகளில் நடந்திருந்தால் ஆண்டுக்கு 6 மில்லிமீட்டர். 500 ஆண்டுகளில் என்றால் 12. இந்த இரண்டுக்கும் இடையில் துறைமுகங்களின், நகரங்களின் தலையெழுத்தே மாறும். ஆனால் நத்தை ஓட்டின் வயதை அவ்வளவு நுட்பமாகக் கணக்கிட முடியாது. ஓடு, இறந்த பிறகும் சுற்றுப்புறத்திலிருந்து யுரேனியத்தை உள்வாங்கிக்கொள்வதால், யுரேனியம் முறையில் அதற்குக் கிடைக்கும் வயது நம்பகமானதில்லை. அதனால் அதே அடுக்கில் கிடைக்கும் பவளத்தைத் தேடிப் பிடித்து அளக்கிறார்கள். அப்போதும் பிழை பல நேரம் ஆயிரம் ஆண்டு, அதற்கும் மேல். நமக்குத் தேவையான பதிலைவிடப் பிழை பெரியது.

நம் கரைக்கு வருவோம்

இந்தியாவில் இந்த நத்தை கிடையாது. ஆனால் பழைய கடல் மட்டத்தின் சான்றுகள் இருக்கின்றன. குஜராத்தின் சௌராஷ்டிரக் கடற்கரையில் கடைசி இடைப்பனிக்காலத்துப் பவளப்பாறை எச்சங்கள் கடலுக்கு மேலே நிற்கின்றன. தமிழ்நாட்டில் ராமேஸ்வரம் பக்கம் இன்றைய கடல் மட்டத்துக்கு மேலே பவளத் திட்டுகள் உள்ளன. 1972-இல் வெளியான ஆய்வு ஒன்று அவற்றுக்குச் சுமார் 4,000 ஆண்டு வயது சொன்னது. உயிரோடு இருக்கும் பவளம் தண்ணீருக்கு வெளியே வளராது. எனவே அங்கே கடல் மட்டம் நிலத்தோடு ஒப்பிட இன்றைவிட உயரமாக இருந்திருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அப்படி இல்லை. பனி உருகி முடிந்த பிறகு கடல் நீர் பூமியெங்கும் மறுபங்கீடு ஆனதில், நிலநடுக்கோட்டை ஒட்டிய பல கரைகளில் அப்படி ஒரு தற்காலிக உயரம் வந்து போனது. மொனாஸ்தீர் பாடம் இங்கேயும் பொருந்தும்: ராமேஸ்வரத்தின் எண்ணை உலகத்துக்கோ, உலகச் சராசரியை ராமேஸ்வரத்துக்கோ அப்படியே ஒட்டக் கூடாது.

இதில் நமக்குச் சாதகமில்லாத ஒரு விஷயம் உண்டு. பெரிய பனிப்படலம் தன் ஈர்ப்பு விசையால் கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கும். அது உருகினால் பக்கத்தில் கடல் தாழும், தொலைவில் சராசரியைவிட உயரும். அண்டார்டிகாவிலிருந்து நாம் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய வேகம் என்ன? மத்திய புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 மதிப்பீட்டின்படி, வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர். ஒரு வீட்டுக் கடன் 20 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் போனால் 6.6 சென்டிமீட்டர். ஒரு படிக்கட்டின் உயரம்கூட இல்லையே என்று தோன்றும். ஆனால் 100 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் தட்டையான கரையில், 6.6 சென்டிமீட்டர் உயரம் என்பது 6.6 மீட்டர் உள்ளே வருவது. புயல் அலை அதற்கு மேலேதான் ஏறி வரும். 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துத் தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கிட்டதில், இந்தியக் கடற்கரையில் 33.6 சதவீதமும் தமிழ்நாட்டுக் கடற்கரையில் 42.7 சதவீதமும் அரிப்பில் இருந்தன. அந்த அரிப்பில் துறைமுகச் சுவர்களுக்கும் பெரிய பங்கு உண்டு. எல்லாப் பழியையும் காலநிலை மேல் போட முடியாது.

ஐபிசிசி கணிப்பில் 2100-க்குள் உலகச் சராசரி உயர்வு, உமிழ்வை வேகமாகக் குறைத்தால் 0.28 முதல் 0.55 மீட்டர், மிக அதிகமாக விட்டால் 0.63 முதல் 1.01 மீட்டர். பெரும்பாலான வரைபடங்களும் விவாதங்களும் 2100-இல் நின்றுவிடுகின்றன. அதற்குப் பிறகு கடல் நிற்காது. வெப்பத்தை 1.5 டிகிரியில் நிறுத்தினாலும் அடுத்த 2,000 ஆண்டுகளில் 2 முதல் 3 மீட்டர், 2 டிகிரி என்றால் 2 முதல் 6 மீட்டர் என்று அதே அறிக்கையில் இருக்கிறது. 6 மீட்டர் நாளைக்கு வரும் என்று பயமுறுத்துவது எவ்வளவு தப்போ, 2100-இல் கோடு முடிகிறது என்று நினைப்பதும் அவ்வளவு தப்பு.

நம் சட்டம் எந்தக் காலத்தைப் பார்க்கிறது? 2019-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊரகப் பகுதிகளில் கட்டுமானம் கூடாத பட்டையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. கடல் மட்ட உயர்வையும் கணக்கில் சேர்த்து வரையப்பட்ட ‘அபாயக் கோடு’ ஒன்று இருக்கிறது. ஆனால் அதே அறிவிக்கைப்படி அது திட்டமிடலுக்கும் பேரிடர் மேலாண்மைக்கும் உதவும் கருவி மட்டுமே. கட்டலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அந்தக் கோடு அல்ல, இன்றைய உயர் அலைக் கோட்டிலிருந்து உள்ள தூரம்.

இசிஆர் பக்கமோ வேறு எந்தக் கடலோரமோ மனை பார்த்துக்கொண்டிருந்தால், பட்டாவும் வில்லங்கச் சான்றும் எப்படியும் கேட்பீர்கள். கூடவே மாநிலக் கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தையும் எடுத்துப் பாருங்க, அது பொது ஆவணம்தான். உயர் அலைக் கோடு எங்கே ஓடுகிறது, உங்கள் சர்வே எண் அதிலிருந்து எத்தனை மீட்டர், தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எண்ணை விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் பதில் வருவது சந்தேகம்தான்.